மூன்றாம் முறை சிக்கிய கதவு

தொண்ணூறுகளில் ஓர் ஐப்பசி மாலை, நாலு இருபதுக்கு, நாங்கள் வாங்கவிருந்த வீட்டின் ஓர் அறைக்குள் என் மகள் போய்க் கதவைச் சாத்தினாள். அதன்பின் கதவு திறக்கவில்லை. பாளையங்கோட்டைக்கு வெளியே, வயலில் மண்ணடித்து, அந்த மண்மேலேயே கான்கிரீட் தளம் போட்டுக் கட்டிய வீடு. மறுநாள் எங்கள் பெயருக்குப் பதிவு. உள்ளே அவள் அழுதாள்.

"மழைக்கு மரம் ஊதியிருக்கும்க்கா, வேற ஒண்ணுமில்ல" என்று சொன்ன, வீட்டை விற்கவிருந்த வீட்டுக்காரர், தமக்குப் பழக்கமான ஆசாரியைக் கூட்டிவந்தார்.

ஒல்லியான மனிதர், காதில் பென்சில். எதையும் முதலில் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். உளியால் நெம்பி என் மகளை வெளியே விட்டார். அவளை இறுக அணைத்துக்கொண்டேன். அவர் கதவு நிலையின் மூலையில், கோணம் சரியா என்று பார்க்கும் மூலைமட்டத்தை வைத்தார். மட்டத்துக்கும் நிலைக்கும் நடுவே விழுந்த இடைவெளியில் என் சுண்டுவிரல் நுழைந்தது.

"லேசா சீவி விடும் வே" என்றார் வீட்டுக்காரர்.

நான் விடவில்லை. "இந்த வீட்டை வாங்கலாமா?" என்று ஆசாரியிடமே கேட்டேன்.

வேலை கொடுக்கிறவர் எதிரே நிற்க, அவர் ஏன் மறைக்காமல் பேசினார் என்று இன்னமும் யோசிக்கிறேன். அவர் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் சொன்னார்:

"ஏற்கெனவே ரெண்டு தடவ நாந்தானே சீவினேன், அண்ணாச்சி? கதவா வளருது? தளம்லா எறங்குது."