அண்ணிக்குக் கிடைத்த விசா

என் கணவரின் அக்காவுக்கும் எனக்கும் ஆகாது என்றுதான் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவே நினைத்துக்கொண்டிருந்தது. அதில் பாதி உண்மை. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். சிவாஜிநகர் மார்க்கெட்டிலிருந்து நான் வாங்கி வரும் கத்தரிக்காயை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல பாதி புழுவுக்கு, மீதிதான் நமக்கு" என்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவர் போட்ட காபியை வேண்டுமென்றே ஆறவிட்டுக் குடிப்பேன். ஆனால் நான் அம்மா வீட்டுக்குப் போனால் இரண்டாம் நாளே, "எப்ப வர்ற? வீடு வீடாவே இல்ல" என்று போன் செய்கிறவரும் அவர்தான்.

அண்ணி டெலிபோன் தயாரிக்கும் அரசு ஆலையில் வேலை பார்த்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, பள்ளியில் படித்துக்கொண்டிருந்த தம்பியை அந்தச் சம்பளத்தில் எஞ்சினியர் ஆக்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அதுக்கெல்லாம் எங்க நேரம் இருந்துச்சு, போ" என்று எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

ரேஷன் அட்டையோ, கேஸ் இணைப்போ, கரன்ட் பில்லில் தகராறோ, எங்கே அனுப்பினாலும் அண்ணி காரியத்தை முடிக்காமல் திரும்பமாட்டார். வீட்டில் எங்களை அதட்டி உருட்டுகிற அதே ஆள், அரசாங்க கவுன்ட்டருக்கு முன்னால் தோளைக் குறுக்கி, குரலைத் தாழ்த்தி, "நனகே யாரூ இல்ல சார், ஸ்வல்ப நோடி மாடி" என்று கன்னடத்தில் ஆரம்பிப்பார். எனக்கு யாருமில்லை, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்று! பின்னால் நிற்கும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இளகிவிடுவார். ஆள்பலம் உள்ளவர்கள் நம் ஆபீஸ்களில் அதட்டிக் காரியம் சாதிப்பார்கள். மற்றவர்கள் கதியில்லை என்று சொல்லித்தான் சாதிக்க வேண்டும். இத்தனை வருடம் தனியாக நின்று குடும்பம் நடத்தியதில் அண்ணி கற்றுக்கொண்டது இது.

என் கணவர் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பெங்களூர்க் கிளையில் இருந்தார். அந்த நிறுவனம் தானே எழுதி விற்ற மென்பொருள் ஒன்று அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தொண்ணூறுகளின் கடைசியில் அவரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்ற முடிவு செய்தார்கள். ஒரே நிறுவனத்தில் நாடு விட்டு நாடு மாறும் மேலாளர்களுக்கும் இப்படி ஒரு வேலையில் தேர்ந்தவர்களுக்கும் என்றே எல்-ஒன் என்று ஒரு விசா உண்டு. அவர்கள் குடும்பத்துக்கு எல்-டூ. உங்களை நம்பி இருப்பவர்கள் யார் யார் என்று அலுவலகத்தில் கேட்டபோது, இவர் என் பெயரையும் மகள் பெயரையும் சொல்லி, மூன்றாவதாக அக்காவையும் சொல்லியிருக்கிறார். விசா வேலைகளைப் பார்த்த பெண் சிரித்துவிட்டாளாம். "அக்கா எல்லாம் ஃபேமிலில வராது சார். ஒய்ஃப், சில்ட்ரன் மட்டும்தான்."

அன்று வீட்டுக்கு வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "என்னை வளத்தது யாருன்னு அந்தப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது?" என்று என்னிடம் கேட்டார். அக்காவிடம் சொன்னது வேறு. "நீ விசிட்டர் விசால வாக்கா. ஆறு மாசம் இருக்கலாம். போயிட்டு மறுபடி வரலாம்." அண்ணிக்கு எந்த விசாவாக இருந்தாலும் ஒன்றுதான். மறுநாளே போய் ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு வந்தார்.

கணவர் முதலில் போய்ச் சேர்ந்தார். மகளின் பரீட்சை முடிந்ததும் நாங்கள் மூன்று பேரும் நேர்காணலுக்காக ரயிலில் சென்னைக்குப் போனோம். விசா நேர்காணலில் எப்படிப் பேச வேண்டும் என்று நிறுவனம் என் கணவருக்கு வகுப்பே எடுத்திருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று எனக்கும் போனில் சொன்னார்கள். அண்ணிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆபீசில் எப்படிப் பேசுவது என்று அண்ணிக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்க யாருக்குத்தான் தோன்றும்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இளவயது அதிகாரி ஒருவர். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண். கணவர் எங்கே வேலை செய்கிறார், கல்யாணம் எப்போது நடந்தது என்ற இரண்டு கேள்விகளோடு எனக்கும் மகளுக்கும் விசா என்று ஆகிவிட்டது. அடுத்தது அண்ணி.

"பெங்களூர்ல உங்களுக்கு யார் யார் இருக்காங்கன்னு சார் கேக்கறார்" என்றாள் அந்தப் பெண்.

அண்ணியின் தோள் குறுகுவதைப் பார்த்தேன்.

"யாருமில்ல சார். அப்பா அம்மா எப்பவோ போயிட்டாங்க. கல்யாணமும் கட்டிக்கல. தம்பி ஒருத்தன்தான் சார். அவனும் அங்க இருக்கான்."

சொந்த வீடா என்று கேட்டார்கள். "வாடகை வீடுதான் சார்." வேலை? "அதையும் விட்டுட்டேன் சார், வாலன்டரி ரிடயர்மென்ட்." ஒவ்வொரு பதிலிலும் அவர் குரல் இன்னும் இறங்கிற்று. கடைசியில் இரண்டு கையையும் கூப்பி, "நீங்கதான் சார் பாத்து செய்யணும்" என்றார்.

நான் முன்னால் போய், "இல்லை, இவருக்கு ஈஜிபுராவில் சித்தப்பா பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்தேன். தள்ளி நிற்கச் சொன்னார்கள். அதிகாரி அண்ணியைப் பார்த்து மெல்லச் சிரித்து, பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, அச்சடித்த தாள் ஒன்றையும் நீட்டினார்.

வெளியே வந்ததும் அண்ணிக்கு ஒரே சந்தோஷம். "நல்ல மனுஷன். சிரிச்ச மொகமா பேசினாரு. விசா தபால்ல வந்துடுமா?"

அந்தத் தாள் விசா இல்லை என்பதற்குத்தான் என்று நடைபாதையில் நிறுத்தி வைத்து விளக்கினேன். சுற்றிப் பார்க்க வருகிறவர் திரும்பிப் போவார் என்று அவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டும். ஊரில் வீடு, வேலை, மனிதர்கள் என்று பிடித்து இழுக்க ஏதாவது இருக்க வேண்டும். யாருமில்லை என்று சொன்னால் இவர் அங்கேயே தங்கிவிடுவார் என்றுதான் நினைப்பார்கள். அண்ணி பொறுமையாகக் கேட்டார்.

"யாருமில்லன்னா இரக்கப்பட மாட்டாங்களா?"

"அங்க அது இல்ல அண்ணி."

"நெஜத்தத்தானே சொன்னேன்" என்றார். பிறகு மகளின் கையைப் பிடித்து, "வாடி, உனக்குப் பசிக்கும்" என்று முன்னால் நடந்தார். தனியாக ஒரு சமையலறை வேண்டும் என்று எத்தனையோ தடவை சாமியிடம் கேட்டவள் நான். கேட்டது கிடைத்த அன்று நடுரோட்டில் நின்று அழுதேன்.

நாங்கள் நியூ ஜெர்சிக்குப் போனோம். அண்ணி அந்த வீட்டில் தனியாக இருந்தார். போன் செய்தால் தம்பியிடம், "நான் ராணி மாதிரி இருக்கேன்டா, என்னை அதிகாரம் பண்ண ஆளில்ல" என்பார். என்னிடம் மட்டும், "ஒருத்திக்குன்னு என்னத்த சமைக்கிறது" என்று சொல்லியிருக்கிறார்.

அடுத்த வருடம் என் கணவர் விட்டதைப் பிடித்தே தீருவது என்று இறங்கினார். போனிலேயே பாடம் நடந்தது. "ஈஜிபுரால நம்ம சொந்தக்காரங்க இருக்காங்கன்னு சொல்லு. அவங்க பிள்ளைங்கள நான்தான் பாத்துக்கறேன்னு சொல்லு. ஒரே மாசம், திரும்பி வந்துருவேன்னு சொல்லு. கை மட்டும் கும்பிடாத." அந்தச் சொந்தக்காரர்கள் பொங்கலுக்கு ஒருமுறை வந்து போவதோடு சரி. அண்ணி ஒப்பித்தார். இந்தத் தடவை விசா கொடுத்துவிட்டார்கள்.

அண்ணி வந்த அந்தப் பிப்ரவரி மாதம் எங்கள் வீட்டுக்குப் பழைய களை வந்துவிட்டது. என் அடுப்பைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டு, "அமெரிக்கா வந்தும் உனக்கு அடுப்பு தொடைக்கத் தெரியல" என்றார். எனக்குக் கோபமே வரவில்லை. மகள் அத்தையின் படுக்கையை விட்டு நகரவில்லை. ஆறு மாதம் தங்கலாம் என்று விமான நிலையத்தில் அனுமதித்திருந்தார்கள். வசந்தம் வந்ததும் எங்கெங்கே கூட்டிப் போவது என்று இவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

நான்காவது வாரம் அண்ணி பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்துத் துணியை மடிக்க ஆரம்பித்தார்.

"எங்கக்கா கெளம்பற?" என்றார் இவர்.

"ஒரு மாசம்னுதானே சொல்லிட்டு வந்தேன்."

"அது சும்மா விசாவுக்காகச் சொன்னது. யாரு வந்து எண்ணப் போறா? ஆறு மாசம் இருக்கச் சொல்லி அவங்களே விட்டிருக்காங்க."

"இல்லடா. ஆளில்லைன்னு நெஜத்தச் சொன்னேன், விடல. இருக்காங்கன்னு சொன்னேன், விட்டாங்க. இப்ப நான் போகலைன்னா விசா குடுத்த அந்த மனுஷன் என்னைப் பத்தி என்ன நெனைப்பான்? நாளைக்கு இன்னொரு அக்கா போய் நிப்பா. அவள நம்புவானா?"

இவர் கத்தினார். வீட்டுக்குள் அக்காவை எதிர்த்து அவர் குரலுயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். "அங்க யாருக்கா இருக்கா உனக்கு? சொல்லு, யாரு இருக்கா?"

அண்ணி புடவையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். நான் கெஞ்சினேன். மகள் அழுதாள். ஒன்றும் எடுபடவில்லை. சொன்ன தேதியில் விமானம் ஏறினார்.

அந்த வருடம் ஜூனில் மழைக்காலம் தொடங்கியபோது ஆஸ்டின் டவுன் வீட்டில் தூக்கத்திலேயே அண்ணியின் உயிர் போய்விட்டது. காலையில் பால்காரர் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பியிருக்கிறார். ஈஜிபுராவுக்குச் சொல்லி அனுப்பி, அவர்கள் வந்து சேர மதியம் ஆகிவிட்டதாம். என் கணவர் போய்ச் சேரும் வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

அமெரிக்காவில் தங்க அண்ணிக்குக் கொடுத்த ஆறு மாதம் அப்போது இன்னும் முடிந்திருக்கவில்லை.