மூன்றாம் கியரில் ஒரு சத்தம்

அன்று கராஜில் என் அப்பா பொய் சொன்னது எனக்காகவா, தனக்காகவா? எனக்காகத்தான் என்று இருபது வருடமாக நம்பியிருந்தேன். இப்போது தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய அவசரமும் வந்துவிட்டது. ஜனவரியில் என் மகன் பாலர் பாடசாலைக்குப் போகிறான். காலையில் அவனைத் தன் மோட்டார் சைக்கிளில் தானே ஏற்றிப்போவதாக அப்பா சொல்லிவிட்டார்.

எனக்கு அப்போது எட்டு வயது. தேற்றாத்தீவில் இருந்தோம். அப்பா நெல்லுக் குற்றும் மில்லில் இயந்திரம் ஓட்டுபவர். காலையிலிருந்து பொழுதுபடும் வரை அந்த இரைச்சலுக்குள்ளேயே நிற்பார். யாரோ பாவித்துவிட்ட பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று அவரிடம் இருந்தது. அதன் பெற்றோல் டாங்கியின் மேல், அவருடைய இரண்டு கைகளுக்கும் நடுவில் நான் இருப்பேன். தம்பி பிறந்த பிறகு அப்பாவோடு தனியாக இருக்கக் கிடைத்த இடம் அது ஒன்றுதான்.

ஒருநாள் பாடசாலை விட்டு வரும்போது அதில் ஒரு புதுச் சத்தம் கேட்டது. நுளம்பு காதுக்குள் புகுந்ததுபோல மெல்லிய, நீண்ட கீச்சு. முதலாம் கியரில் இல்லை, இரண்டில் இல்லை. மூன்றாவது போட்டதும் தொடங்கும், நாலாவதில் நின்றுவிடும். அப்பாவிடம் சொன்னேன். காற்றாக இருக்கும் என்றார்.

பிறகு மில்லில் யாரோ, உன் சைக்கிள் அழுதுகொண்டு போகிறதே என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா உடனே காத்தான்குடியில் வழக்கமாகக் கொடுக்கும் கராஜுக்குப் போய்வந்தார். செயின் இறுக்கமாம். தளர்த்தி, ஒயிலும் மாற்றி, இப்போது சரி என்றார். மறுநாளும் மூன்றாம் கியரில் நுளம்பு இருந்தது. நான் அதைச் சொன்னதும் அப்பா வேகத்தைக் குறைத்தார். பிறகு சனிக்கிழமை என்னையும் வரச் சொன்னார்.

கராஜ்காரரை எல்லோரும் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். சைலன்சர் சுட்ட காலில் துணி சுற்றி, அதை ஒரு டயரின் மேல் நீட்டி வைத்திருந்தார். கால் ஊன்ற முடியாததால் தானே ஓட்டிப் பார்க்க அவருக்கு வழியில்லை. போன முறையும் அப்பா சொன்னதை நம்பித்தான் வேலை செய்திருக்கிறார்.

எந்த கியரில் கேட்கிறது என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் மூன்று விரலைக் காட்டினேன்.

"அண்டைக்கி எல்லாத்துலயும் கேக்குது எண்டீங்க. அதான் செயின்ல கை வெச்சன்," என்றார் காக்கா. "மூணாவதுல போட்டு முறுக்கிப் பாருங்க. விட்டுப் பாருங்க. மறுகா கிளட்ச்சப் புடிச்சி உருள விடுங்க. எப்ப கேக்குது, எப்ப நிக்குது எண்டு வந்து சொல்லுங்க."

கடற்கரைப் பக்கத்து வீதிக்கு வந்ததும் அப்பா வண்டியை நிறுத்தினார். "சத்தம் வந்தா என்ட கையில தட்டு மனே. நிண்டா கைய எடு. ஒரு விளையாட்டு," என்றார். மகளையும் மனே என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாலு தரம் போய் வந்தோம். முறுக்கும்போது தட்டினேன். விட்டபோது சத்தம் தணிந்தது, மெதுவாகத் தட்டினேன். கிளட்ச் பிடித்ததும் கையை எடுத்தேன். திரும்பி வந்து அப்பா எல்லாவற்றையும் தானே கேட்டதுபோல வரிசையாக ஒப்புவித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு இரகசியத்தில் பங்கு கிடைத்த பெருமைதான் வந்தது.

"இப்பிடிப் பிரிச்சிச் சொன்னா டாக்குத்தருக்கும் லேசு," என்று காக்கா சிரித்தார். செயினும் இல்லை, சில்லும் இல்லை, மூன்றாம் கியரின் பல்லுத்தான் தேய்ந்திருக்கிறது என்றார். அடுத்த கிழமை வேறொரு பழைய எஞ்சினிலிருந்து எடுத்த பல்லுச் சக்கரங்களைப் போட்டுக் கொடுத்தார்.

அன்று மாலை அப்பா என்னை ஏற்றிக்கொண்டு அதே வீதியில் ஓடினார். மூன்றாவதைப் போட்டு, கேட்கிறதா என்றார். கேட்கவில்லை. ஆனால் கேட்கவில்லை என்றால் விளையாட்டு முடிந்துவிடும். வீட்டுக்குப் போனால் தம்பி அவர் மடியில் ஏறிவிடுவான். நான் தட்டினேன்.

திரும்பவும் கராஜ். காக்காவின் கால் இதற்குள் ஆறியிருந்தது. அவரே ஏறி ஓட்டிக்கொண்டு போனார். நான் வாசலிலேயே நின்றேன். வந்து இறங்கியவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒங்களுக்குக் கேக்குதா?"

"ஓம் காக்கா," என்றார் அப்பா. "மூணாவதுலதான். லேசா."

சத்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். காக்காவுக்கும் தெரிந்துவிட்டது. அப்படியிருக்க அப்பா கேட்கிறது என்கிறார். நான் பிடிபட்டு வெட்கப்படக் கூடாதென்று அவரும் என்னோடு சேர்ந்து பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன். அழுகை வந்தது.

காக்கா அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குந்தி, ஒரு நட்டைக் கழற்றி, அதே நட்டைத் திரும்ப இறுக்கினார். இனிக் கேட்காது என்றார். அப்பா கைகழுவப் போன நேரம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மனே, றோட்டுல பின்னால பெரிய வாகனம் வந்தா அப்பாட கையில தட்டுங்க. நல்லாத் தட்டுங்க."

என் பொய்யைக் குத்திக்காட்டுகிறார் என்று எண்ணி அவரோடு வெகுகாலம் மனதுக்குள் கோபமாக இருந்தேன். கழற்றிய நட்டையே ஏன் இறுக்கினார் என்று யோசிக்கவும் இல்லை.

போன மாதம் இந்தக் கதையை என் கணவருக்குச் சொன்னேன், அப்பா எனக்காகப் பொய் சொன்னவர் என்று கொஞ்சம் பெருமையாகவே. அவர் சிரிக்கவில்லை. "மாமாக்கு அப்பவே காது கேக்கல்லையா?" என்றார். நான் கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன்.

இப்போது சட்டைப் பையில் அடிக்கும் தொலைபேசி அவருக்குத் தெரிவதில்லை. இரண்டு கிழமைக்கு முன் எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தபடியே அவர் பின்னால் வந்தது. அவர் ஒதுங்கவே இல்லை. கேட்டால், கேட்டது, இடம் இருந்ததுதானே என்கிறார். கேட்கவில்லை என்று ஒருநாளும் அவர் வாயால் சொன்னதில்லை. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் ஒருதரம் காட்டுவோம் என்று தொடங்கினேன். முகம் கறுத்து, தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் பேரனுக்கு ஒரு சின்ன நீல ஹெல்மெட் வாங்கி வந்தார். அவன் அதைப் போட்டுக்கொண்டே சாப்பிடுகிறான்.

இப்போதே ஒரு சுற்று ஏற்றிப்போகிறேன் என்று வந்து நிற்பவரிடம், மகனுக்குத் தடிமன் காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தேன். மழை என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒருவேளை நான் வீணாகப் பயப்படுகிறேனோ என்றும் நினைக்கிறேன்; இத்தனை வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர். ஆனால் அந்த வருடங்களில் முன்னால் நான் இருந்தேன், பிறகு தம்பி இருந்தான், பின்னால் அம்மா இருந்தா. யார் யார் அவரைத் தட்டினோம் என்று யாருக்குத் தெரியும். என் மகனுக்கு மூன்றரை வயது. அவன் தட்ட மாட்டான்.

இதை வாசிப்பவர்களில், காது மங்கியும் ஒத்துக்கொள்ளாத அப்பாவோ அம்மாவோ உள்ளவர்கள் இருப்பீர்கள். அவர் தலைகுனியாமல் எப்படிச் சொன்னீர்கள்? என் பொய்யை நான் முதலில் சொல்லவா, அல்லது அதைச் சொல்வதே அவருடையதைப் பிடித்துக் கொடுப்பதாகிவிடுமா? மழையைச் சாட்டாக வைத்து இன்னும் இரண்டு மூன்று கிழமைதான் தள்ளலாம். அதற்குள் யாராவது எழுதுங்கள்.