ஓர் என்டரும் நானூறு கடிதங்களும்

டைப்பிஸ்ட் வேலை என்றால் உட்கார்ந்து தட்டுவதுதானே என்பார்கள். தட்டியதை நானூறு கடிதத்தில் தேடித் தேடி மாற்றுகிறவளுக்குத்தான் கழுத்து வலி தெரியும். உங்களுக்கும் வலிக்கிறதா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். நான் பாயான் பாரு என்ற ஊர்ப் பக்கம் ஒரு ஃபேக்டரி ஆபீஸில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தேன். வேலை நிரந்தரமானால் மகளைப் பாலர் பள்ளியில் சேர்ப்பது என்று வீட்டில் முடிவு.

மைலோ ஆறுவதற்குள்

ஆபீஸ் டெலிபோன் நம்பர் மாறியது. நானூறு கடிதத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற ஒரு வாரம் ஆகும் என்று மேனேஜர் லிம்மிடம் சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டர் பகுதி செல்வம் அண்ணன் வந்து, கறுப்புத் திரையில் நாலு வரி எழுதினார். "பழசு இங்க, புதுசு இங்க. என்டர் தட்டு." தட்டினேன். குடிக்கக் கலக்கி வைத்த சூடான மைலோ ஆறுவதற்குள் நானூறும் மாறிவிட்டன!

மிச்ச நாளெல்லாம் என்ன செய்வது என்று முழித்தேன். பக்கத்து மேசை சாந்தா அக்கா காதோடு சொன்னார்: "முடிஞ்சிருச்சுன்னு வாயத் திறக்காத லா. மூஞ்சிய மட்டும் கொஞ்சம் கஷ்டமா வச்சுக்க."

மூன்று பேரப்பிள்ளைகள்

லிம் ஓய்வு பெறும் நாள் வந்தது. அவர் இடத்துக்கு தேவன் என்ற இளைஞர் வந்தார். கடிதங்களில் பெயரை மாற்றச் சொன்னார்கள். அதே நாலு வரிதான்: லிம் இருந்த இடமெல்லாம் தேவன். என்டர்!

லிம்முக்கு வைத்திருந்த வழியனுப்பு விருந்தின் அறிவிப்பும் அந்த நானூறில் இருந்தது என் ஞாபகத்திலேயே இல்லை. அச்சடித்து கேன்டீன் பலகையில் ஒட்டிய பிறகுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது. முப்பது வருடம் உழைத்த தேவன், இனி மூன்று பேரப்பிள்ளைகளோடு பொழுதைக் கழிக்கப் போகிறாராம். தேவன் அதைப் பிய்த்துக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார். "எனக்கு இன்னும் பொண்ணே பார்க்கல. அதுக்குள்ள மூணு பேரப்பிள்ளையா, அக்கா?"

பேனா

பதறிப்போய் கட்டளையைத் திருப்பிப் போட்டேன்: தேவன் இருந்த இடமெல்லாம் லிம். அறிவிப்பு சரியாயிற்று. மற்றதெல்லாம் பழையபடி லிம்! அந்த நேரம் பார்த்து, என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தை சாந்தா அக்கா அச்சடித்து, தேவன் கையெழுத்துக்கு நீட்டினார். கீழே ‘மேனேஜர், லிம்’ என்று இருந்தது. 

"ஒரே நிமிஷம் சார், ஒரு என்டர் தட்டி மாத்திடறேன்" என்று கிளம்பினேன்.

"வேணாம்!" என்று அலறியவர், லிம் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டார். "பேனாவே போதும், அக்கா. அது ஒரு நேரத்துல ஒரு தப்புதான் செய்யும்."

ஆக, நானூறு தப்பை ஒரே நொடியில் செய்ய நாலு வரி போதும். அவற்றைத் திருத்தத்தான் ஆபீஸ்காரர்கள் நிரந்தரமாக ஓர் ஆளை வைத்துக்கொள்கிறார்கள்.