இருபது மாடிக்கு மேலே ஒட்டகம்

கிரேன் ஓட்டுகிறவருக்குக் கட்டடவேலை ஆட்கள் வைத்த பெயர் ஒட்டகம். இருபது மாடி உயரத்தில் தொங்கும் கூண்டுக்குக் காலை ஆறரைக்கு ஏறினால் சாயந்திரம்தான் இறங்குவார். நடுவில் ஒன்றுக்குப் போக இறங்கினால் ஏணியில் போய்வர முக்கால் மணி நேரம். அதுவரை கீழே நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்று திட்டுவார்கள். அந்தப் பேச்சை எதற்கு வாங்க வேண்டுமென்று தண்ணீரையே விட்டுவிட்டார் மனிதர். கொண்டுபோன பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வரும். பதினாறு வருஷம்! அதைப் பெருமை என்று மெச்சினவர்களைச் செருப்பால் அடித்தால் என்ன?

கீழே நின்று வாக்கி-டாக்கியில் அவருக்கு வழி சொல்கிறவன் அவருடைய மச்சினன். அன்று காலையில் அக்கா அவனிடம் படித்துப் படித்துச் சொன்னாள். "இன்னிக்கு வெயில் ஆளையே கொன்னுடுமாம். அவரத் தண்ணி குடிக்க வைடா. நான் சொன்னா எங்க கேக்கறாரு!"

கூண்டு ஏசி கெட்டு இரண்டு நாளாகியிருந்தது. பத்து மணிக்குக் கேட்டான்.

"மாமா, தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சா யாரு இறங்குறது, உங்கப்பனா? சட்டையப் பிழிஞ்சா ஒரு குடம் தேறும் மாப்ளே!"

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பதினொன்றரைக்கு மறுபடி கூப்பிட்டான்.

"தலைதான் லேசா வலிக்குது. ஆனா வேர்வை சுத்தமா நின்னுபோச்சு மாப்ளே. உடம்பு பழகிடுச்சு."

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது அவனுக்கு. வேர்வை நின்றால் சூடு தணிந்தது என்றுதானே நினைப்பான், பாவி! அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வந்தார்.

"வெயில் தாங்கல. உங்க மாமாவ இறக்கிடலாமா?"

"வேணாம் மேஸ்திரி. நல்லா இருக்காரு. இப்பத்தான் பேசினேன்."

பன்னிரண்டு பத்துக்குக் கிரேன் தூக்கிய கம்பிக்கட்டு பாதியில் தொங்கி நின்றது. வாக்கி-டாக்கியில் மாமா, கூண்டில் இல்லாத யாரையோ கதவைத் திறக்கச் சொன்னார். அப்புறம் பேச்சே இல்லை. இரண்டு பேர் ஏறிப்போய்க் கயிறு கட்டி இறக்க ஒரு மணி நேரம் பிடித்தது. தொட்டால் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி கொதித்தது உடம்பு. ஒரு பொட்டு ஈரமில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா கேட்டார். "வேர்வை எப்ப நின்னுச்சு?"

"பதினொன்னரைக்கு. நல்லதுன்னு நெனச்சேன்..."

"வேர்வை நின்னா உடம்பு கைவிட்டுடுச்சுன்னு அர்த்தம்ப்பா. அப்பவே இறக்கியிருக்கணும்."

இரண்டு மணிக்கு உயிர் போயிற்று. அக்கா தலைவிரி கோலமாக ஓடிவந்து தம்பியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"உங்கிட்டதானடா கடைசியா பேசினாரு? பாழாப்போனவனுங்க, இறங்குன்னு ஒருத்தன்கூடவா சொல்லல?"

பொய் சொல்லிவிடலாம். கேட்டும் இறக்காமல் விட்ட மேஸ்திரி வாயைத் திறக்க மாட்டார்.

"மேஸ்திரி இறக்கலாமான்னு கேட்டாருக்கா. நான்தான் வேணாம்னேன்."

அக்கா அவன் கைகளை விட்டாள்.