குடித்தவர் உருட்ட வேண்டாம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நன்றாகக் குடித்துவிட்டு, ஒரு சத்திரத்தின் மாடிப்படியில் உருண்டு விழுந்தேன்.

பதற வேண்டாம். என் கையில் இருந்தது லெமன் ஜூஸ். விழுந்தது ஊர் ஊராகச் சுற்றும் ஒரு பாடகன். எனக்கு இல்லாத தலைமுடி அவனுக்கு இடுப்பு வரைக்கும் உண்டு. ஞாயிறுதோறும் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை நான்தான் அவன்.

மேனாம்பேட்டில் எங்கள் மாடி வீட்டில் இருக்கும் தேவிகா நடத்துகிற விளையாட்டு இது. தேவிகாவுக்குத் திருமழிசையில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்ஷனில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அரக்கர்களையும் மலைக்கோட்டைகளையும் கையில் எடுத்துக்கொள்வார். அவர் கதை சொல்வார். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, ‘நான் இதைச் செய்கிறேன்’ என்போம். நடந்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு தாயக்கட்டை முடிவு செய்யும். பெரிய எண் விழுந்தால் ஜெயம். சின்ன எண் என்றால்... மாடிப்படி!

கூட விளையாடுபவர் சேகர். தேவிகாவின் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர், நசரத்பேட்டையிலிருந்து பைக்கில் வருவார். விளையாட்டில் கோடாலி வீரன். நிஜத்தில், குடியை நிறுத்திப் பதினோரு மாதம் ஆனவர். அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன வாரம் அவர் மனைவி மஞ்சுளாவும் கூட வந்திருந்தார். ஞாயிறானால் மூன்று மணி நேரம் காணாமல் போகிற கணவன் எங்கே போகிறான் என்று பார்க்க வந்தவர். வேறெதற்கு வருவார்? வாசலிலேயே அவர் மூக்கு ஒருமுறை மோப்பம் பிடித்ததை நான் பார்த்தேன். தப்பே இல்லை.

வழக்கமாக மருத்துவச்சியாக விளையாடும் பெண் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். “நீங்க ஆடுங்களேன்” என்றார் தேவிகா. “எனக்கு இன்னா தெரியும் மேடம்?” என்றபடியே மஞ்சுளா உட்கார்ந்துவிட்டார். மருத்துவச்சி ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்தால், மறுநாள் மூன்று பேரின் காயத்தை ஆற்றலாம். அதுதான் அவள் சக்தி.

கதைப்படி மறுநாள் காலை கணவாயில் அரக்கனோடு சண்டை. முந்தின இரவு சத்திரத்தில் தங்கல். புது ஆள் வந்திருக்கிறாரே, கொஞ்சம் சிரிக்க வைப்போம் என்று நினைத்தேன். “ஒரு குவளை கள் கொண்டு வா!” என்றேன்.

தேவிகா, “சார், குடிக்கிறதுக்கு இப்ப புது ரூல்ஸ் இருக்கு” என்று ஒரு நோட்டுத் தாளை எடுத்து வைத்தார்.

விளையாட்டோடு வந்த தடிமனான புத்தகத்திலும் குடிக்கு விதி உண்டு. குடித்தவனுக்குக் குறி கொஞ்சம் தவறும், பயம் கொஞ்சம் போகும். அவ்வளவுதான். இந்தத் தாளில் இருந்தது வேறு.

முதல் குவளைக்கு உருட்ட வேண்டாம். நன்றாகத்தான் இருக்கும்.

இரண்டாவது குவளையிலிருந்து, ‘போதும்’ என்று சொல்வதற்கு உருட்ட வேண்டும்.

கவனித்தீர்களா? குடிப்பதற்கு இல்லை, நிறுத்துவதற்கு! குவளைக்குக் குவளை, ஜெயிக்க வேண்டிய எண் ஏறிக்கொண்டே போகும். மூன்றாவதில் எனக்குப் பதினைந்து தேவை. விழுந்தது ஒன்பது. நான்காவதுக்குப் பதினெட்டு. விழுந்தது ஆறு. பாடகன் மேஜை மேல் ஏறிவிட்டான்.

அடுத்து உருட்டக் கை நீட்டினேன். தேவிகா தடுத்தார். “குடிச்சவர் இனிமே உருட்ட வேண்டாம் சார். கூட இருக்கிறவங்கதான் உருட்டணும்.” தாயக்கட்டை மஞ்சுளாவிடம் போனது.

பாடகன் காவலாளிகளைத் திட்டிப் பாடுகிறான். அவன் வாயை மூட மஞ்சுளா உருட்டினார். தோல்வி. தாங்கிப் பிடித்திருப்பவர் மேல்தான் முதல் அடி விழும் என்பது விதி. விழுந்தது. அவனை மாடி ஏற்ற உருட்டினார். மறுபடி தோல்வி. இருவரும் உருண்டோம். வாந்தி எடுத்துக்கொண்டே தூங்குபவனுக்கு மூச்சு அடைக்காமல் இருக்க, ஒருவர் விடிய விடிய உட்கார வேண்டும். மஞ்சுளாவின் மருத்துவச்சி உட்கார்ந்தாள்.

நான் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தேன்.

கதையில் விடிந்தது. “பாடகர் நல்லாத் தூங்கி எழுந்துட்டார். எதுவும் ஞாபகம் இல்ல. மருத்துவச்சி தூங்கல. இன்னிக்கு அவங்களுக்கு ஒரு சக்தியும் கிடையாது” என்றார் தேவிகா.

மஞ்சுளா நிமிர்ந்தார். “இது இன்னா மேடம் நியாயம்? குடிச்சவரு ஃப்ரெஷ்ஷா கீறாரு. எனக்கு மட்டும் எல்லாம் போச்சா? யாரு எழுதுனது இந்த ரூல்ஸ?”

பதில் சேகரிடமிருந்து வந்தது.

“நான்தான் மஞ்சு.”

மஞ்சுளா அந்தத் தாளைக் கையில் எடுத்தார். கணவனின் கோணல் கையெழுத்தை விரல் வைத்து, வரி வரியாகப் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றுவிட்டது.

“நான் முழிச்சிகினு ஒக்காந்திருந்தது ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும். காலைல ஒன் கண்ணப் பாத்தாலே தெரியும்.”

“ஒருநா கூட கேக்கலியே...”

“கேட்டா நீ சொல்லிடுவியே. அந்த பயந்தான்.”

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் தாளைப் பார்த்தேன். மஞ்சுளாவின் விரலுக்குக் கீழே கடைசி விதி இருந்தது. நடந்ததை, குடித்தவனே கேட்டால் ஒழிய, யாரும் சொல்லக் கூடாது. கேட்டுவிட்டால், சொல்லி முடிக்கும்வரை அவன் நடுவில் பேசக் கூடாது.

குடியின் கேடு பற்றி, பத்திரிகையின் இந்தப் பக்கத்திலேயே எத்தனை தடவை எழுதியிருப்பேன்! ஈரல், கௌரவம், குடும்பம் என்று எத்தனை பாரா! ஒரு மெஷின் ஆபரேட்டர், விளையாட்டு விதி என்ற பெயரில், அரைப் பக்கத்தில் எழுதிவிட்டார். மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இல்லை. தான் செய்தது எல்லாம் இருந்தது, ஒன்று விடாமல். பதினோரு மாதமாக அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார் மனிதர்.

“இப்ப கேக்குறேன் மஞ்சு. இன்னா நடந்துச்சு?”

மஞ்சுளா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இங்க வோணாம். ஊட்டுக்குப் போயி சொல்றேன்.” பிறகு தேவிகா பக்கம் திரும்பினார். “மேடம், காயத்த ஆத்தத்தான சக்தி இல்ல? கைல தடி கீது இல்ல? அந்த அரக்கன அடிக்கலாமா?”

“தாராளமா!”

அடித்தார் பாருங்கள்... இரண்டு தடவை குறி தவறி, மூன்றாவது அடியில் அரக்கன் முட்டி பெயர்ந்தது. கோடாலி வீரன் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தான்.

ஐந்து மணிக்குக் கிளம்பினார்கள். தெருமுனை திரும்புவதற்குள்ளேயே பின் சீட்டிலிருந்து மஞ்சுளா பேச ஆரம்பித்துவிட்டார். காதில் விழ வேண்டுமே என்று சேகர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போலீஸ் மன்னிக்கட்டும்.

மனசு கேட்காமல் புதன்கிழமை போன் செய்தேன். “என்ன சேகர், பேசி முடிச்சாச்சா?”

“இல்ல அண்ணாத்தே. மூணு நாளா சொல்லிகினு கீறா. இன்னும் எங்க கல்யாணமாகி ரெண்டாவது வருசத்துலதான் கீது.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் இன்னா சொல்றது? நடுவுல பேசக் கூடாதே!”

நானும்தான் வாராவாரம் ஊருக்கெல்லாம் எழுதுகிறேன். எழுதியதில் ஒரு வரியையாவது மூன்று நாள் கடைப்பிடித்திருப்பேனா?