ராகுகாலத்தில் என் பெயரில் நுழைந்தவர்

"ஏம்மா, வெள்ளிக்கிழமை ஸ்டாக் லிஸ்ட்டை அழிச்சது நீதான். கம்ப்யூட்டர்ல உன் பேரு கீது. நாளையிலேர்ந்து வராத!"

இன்று காலை, திருமழிசைக் கம்பெனியில் எல்லார் முன்னாலும் சூப்பர்வைசர் என்னிடம் சொன்னது இது.

நான் அழவில்லை. சர்வரின் முன் உட்கார்ந்து 'லாஸ்ட்' என்ற கட்டளையைத் தட்டினேன். யார், எந்த டெர்மினலில் (எந்த மேசைக் கம்ப்யூட்டரில்), எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று அது வரிசையாகச் சொல்லிவிடும். வீட்டில் சமையல் முடித்த கையோடு புத்தகம் பார்த்து நானே கற்றது.

என் பெயர் இருந்தது. வெள்ளி, காலை பத்து ஐம்பது, மூன்றாம் டெர்மினல்.

"வெள்ளிக்கிழமை பத்தரை மணி ராகுகாலத்துல நான் பர்மிஷன் போட்டுட்டு திருவேற்காடு அம்மன் கோயில்ல எலுமிச்சை விளக்கு ஏத்திட்டிருப்பேன்னு ஆபீசுக்கே தெரியும் சார். மூணாவது டெர்மினல் உங்க மேசையிலதானே இருக்கு?"

"மாட்டிக்கினாருடி!" என்றாள் டைப்பிஸ்ட் மேரி.

"தெரியாம கை பட்டுடுச்சும்மா..."

"என் பாஸ்வேர்டை அடிச்சதும் கை பட்டுத்தானா சார்?"

"சரி, நாளைக்கு வாம்மா" என்று முனகிவிட்டு சூப்பர்வைசர் நகர்ந்தார். நாளையும் வேலைக்குப் போகிறேன், பத்து நிமிடம் முன்னதாகவே.

என் தப்பும் ஒன்று உண்டு. பாஸ்வேர்டாக அம்மன் பெயரை வைத்திருந்தேன். மாற்றிவிட்டேன்.

உங்களுடையது எந்தச் சாமி? இங்கே எழுதிவிடாதீர்கள், முதலில் போய் மாற்றுங்கள்.