‘சாப்டாச்சா?’ என்று கேட்ட சவரி அண்ணன்

சவரி அண்ணன் போய்விட்டார்.

காலையில் அவருடைய மூத்த மகள் ஸ்டெல்லா போன் செய்தாள். "அத்தை... சாப்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான். எனக்குத் தெரிந்துவிட்டது.

முத்தியால்பேட்டை ஆட்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் யார் இறந்தாலும் சொந்தக்காரர்களுக்குச் சாவு சொல்லப் போவது அவர்தான். வேதக்காரர் வீடா, இந்து வீடா என்று பார்க்கமாட்டார். மில்லில் ஷிப்ட் முடிந்த கையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு பிள்ளைச்சாவடி, மூலக்குளம் என்று கிளம்பிவிடுவார்.

போனதும் சேதியைச் சொல்லமாட்டார். "சாப்டாச்சா?" என்பார். இல்லை என்றால் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். சேதி கேட்டபிறகு யாருக்குச் சோறு இறங்கும்...

பிள்ளைச்சாவடியில் ஓர் ஆயா அவர் சைக்கிளைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கத்தியதாம். "யோவ் சவரி, கேக்காதய்யா! சாப்ட்டேன், யாருன்னு மட்டும் சொல்லு!"

அன்றைக்கு அவர் மீன் வாங்கப் போயிருந்தார்.

அவர் மனைவி லூர்து அண்ணிக்கு முதல் பிரசவம் ஆனபோது அவள் புடவைகளைத் தெருக் குழாயில் இவரே துவைத்தார். பிரெஞ்சுக்காரன் காலத்தில்! "பொண்டாட்டி பொடவய தோய்க்கிற ஆம்பளய இப்பதான் பாக்குறேன்" என்றாள் என் அத்தை.

"பாத்துட்டு சும்மா நிக்காத. அந்த முனைய புடி, புழியலாம்" என்றார்.

இப்படிப்பட்ட மனுஷன்மேல்தான் எனக்குத் தீராத கோபம்.

அதுவும் பிரெஞ்சுக்காரன் காலத்தின் கடைசியில்தான். எனக்கு ஏழு வயது, அவருக்குக் கல்யாணமான புதிது. அப்பாவைக் காய்ச்சலோடு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். அம்மாவும் கூடப் போனாள். என்னை லூர்து அண்ணியிடம் விட்டார்கள்.

மதியம் சவரி அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார்.

"சாப்டியா தங்கச்சி?"

இல்லை என்றேன். அண்ணி கஞ்சி ஊற்றினாள். சுட்ட கருவாட்டில் அவரே முள் எடுத்துக் கொடுத்தார். நான் கதை பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் வாங்கிக் குடித்தேன்.

பிறகு தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்தார். தெருமுனை திரும்பும்போதே அம்மா கதறுவது கேட்டது...

அப்பா செத்துக் கிடக்கும்போது நான் சிரித்துக்கொண்டு கருவாடு தின்றிருக்கிறேன். அவருக்கு அது தெரியும்.

அன்றோடு கருவாட்டை விட்டேன். அவர் வீட்டு விருந்தில் வைத்தாலும் இலை ஓரமாக ஒதுக்குவேன், அவர் கண்ணில் படும்படி. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்பேன், "ஏண்ணே அன்னிக்கி சொல்லல?"

ஒரு தடவைகூடத் தப்பு என்று சொன்னதில்லை. "சாவு எங்கயும் போயிடாது தங்கச்சி. கஞ்சி ஆறிடும்."

அந்தப் பதிலை இன்றுவரை நான் ஏற்கவில்லை.

அவர் படுத்துக் கிடந்தபோது எட்டிப் பார்க்காத இரண்டு பேர் இன்று அவரோடு நிற்கும் போட்டோ போட்டிருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும். இருக்கட்டும்.

காலையில் ஸ்டெல்லா போனில் வேறு எதுவும் பேசவில்லை. அப்பனைப் போலவே, பதில் வரட்டும் என்று காத்திருந்தாள்.

"இல்லடி, இன்னும் சாப்டல" என்றேன்.

"மொதல்ல சாப்டுங்க அத்தை. நான் லைன்லயே இருக்கேன்."

போனை மேசைமேல் வைத்தேன். பழைய சோற்றைக் கரைத்தேன். இறங்கவில்லை... குடித்தேன்.

"ஆச்சு. சொல்லுடி" என்றேன். அப்புறம்தான் அவள் அழுதாள்.

நாளை சாயங்காலம் அடக்கம். வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

நான் சாப்பிட்டேன் அண்ணே. போய்ட்டு வாங்க.